பதினான்காவது வரி

மதிப்பெண் பட்டியல் போடுவதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. வீட்டுக்கு ஒரு மின்விசிறி வாங்குவதென்றால்கூட ஐந்து கடை, ஏழு வகை, பத்துக்கு எத்தனை என்று கட்டம் போட்டு நிரப்பிய பிறகுதான் பையைத் தூக்குவாள். அவள் கணவர் ஒருமுறை, "என்னையும் இப்படித்தான் பட்டியல் போட்டுத் தேர்ந்தெடுத்தியா?" என்று கேட்டார். "ஆமா, நீங்க ரெண்டாவது. முதல் ஆளுக்கு வேலை வேற ஊருக்கு மாறிப்போச்சு" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொன்னதாகவே அவர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

அவள் போட்ட பட்டியல்களிலேயே மிகவும் ஒழுங்கானது என்று அவள் நினைத்த ஒன்று இருக்கிறது. அதை நினைத்தால் இப்போது அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

அலுவலகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் ஒரு கூடம், ஒரு சிறிய அறை, நான்கு மேசைகள். மின்தூக்கி வாரத்தில் மூன்று நாள் ஓடும்; எந்த மூன்று நாள் என்பது அதற்கே வெளிச்சம். அங்கே நான்கு பேர் வீடியோ கேம் செய்தார்கள். அக்காதான் தொடங்கியவள். அவளுடன் பிறந்த தம்பி இரண்டாவது ஆள். நிரல் எழுதுகிறவனுக்கு அவசரம் என்று பெயர், எதைக் கேட்டாலும் "அஞ்சே நிமிஷம்" என்பதால். தெருக்களையும் வானத்தையும் தீட்டுகிற பெண்ணை வர்ணம் என்பார்கள். அவசரமும் வர்ணமும் தம்பி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அக்காவை அக்கா என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். அக்கா கூப்பிடுவதைக் கேட்டு, தம்பியை விட இரண்டு வயது சின்னவளான வர்ணமும் அவனைத் தம்பி என்றாள். அவனும் திரும்பிப் பார்த்தான்.

அவர்களுடைய முதல் கேமில் ஒரு குண்டுத் தபால்கார அம்மாள் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறியிறங்கி வீடு வீடாகக் கடிதம் கொடுப்பாள். தெருவுக்கு ஒரு வாத்து அவளைத் துரத்தும். அவ்வளவுதான் கதை. சுமாராக ஓடியது என்று யாராவது சொன்னால் அக்காவுக்கு மூக்கு சிவந்துவிடும். நன்றாகவே ஓடியது.

உடம்பு செய்வது அக்காவின் வேலை. அம்மாளின் உருண்டைத் தோள், பையின் பட்டை, வாத்தின் கழுத்து எல்லாம் கணினித் திரைக்குள் அவள் களிமண் பிசைவதுபோலப் பிசைந்து எடுத்தவை. ஆனால் அவள் செய்து முடிக்கும்போது அது வெறும் பொம்மை. தம்பிதான் அதற்குள் எலும்புக்கூட்டைப் பொருத்துவான். எந்த எலும்பு அசைந்தால் எவ்வளவு தோல் கூடவே அசைய வேண்டும் என்று முடிவுசெய்வான். பிறகு நொடிக்கு நொடி காலைத் தூக்கி, தோளைச் சாய்த்து, நடக்க வைப்பான். விளையாடியவர்கள் சிரித்ததெல்லாம் அவன் செய்த காரியங்களுக்குத்தான். தபால்கார அம்மாள் கதவை இடுப்பால் இடித்து மூடுவாள். கடித உறையைப் பல்லால் கிழிப்பாள். இரண்டு கடிதம் இருந்தால் ஒன்றைத் தாடைக்குக் கீழே இடுக்கிக்கொண்டு மற்றதை நீட்டுவாள். "இவனுக்கு மட்டும் எங்கேருந்துதான் இதெல்லாம் தோணுதோ" என்று அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். எங்கிருந்து என்று அவளே ஒருநாள் யோசித்திருக்கலாம்.

தம்பிக்கு இரண்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது அவனுடைய வலது கையின் வலுவை எடுத்துக்கொண்டு போய்விட்டது. முழங்கைக்குக் கீழே கை மெலிந்து, விரல்கள் மடங்காமல் நின்றன. அவனை விட ஐந்து வயது பெரியவளான அக்கா தினமும் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவாள், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கொடுப்பாள். ஒருநாள் அவள் பொத்தானுக்குக் கையை நீட்டியபோது அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அவனா கேட்கட்டும். கேட்காம யாரும் அவனுக்கு ஒண்ணும் செய்யக்கூடாது. நாளைக்கு நாம இருப்போமோ இல்லையோ."

அன்றிலிருந்து அது வீட்டுச் சட்டமானது. அவன் கேட்கவே இல்லை. ஏழு வயதில் ஒரு காலை முழுக்கப் போராடி, ஒற்றைக் கையாலேயே எல்லாப் பொத்தான்களையும் போட்டுக்கொண்டு வந்து நின்றான். பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அம்மா அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அதன்பிறகு பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே வைத்துத் திறக்கவும், கயிறில்லாத செருப்பு பார்த்து வாங்கவும் அவனே கற்றுக்கொண்டான். வீட்டில் அந்தக் கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதைப் பார்ப்பதும் இல்லை. அக்கா பார்க்காமலிருக்க அவ்வளவு நன்றாகப் பழகிவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் மென்பொருள் மாற்ற வேண்டி வந்தது.

எட்டு வருடமாக அவர்கள் பயன்படுத்திய மென்பொருளுக்கு இனிமேல் புதுப் பதிப்பு வராது என்று அதைச் செய்தவர்கள் அறிவித்துவிட்டார்கள். இருப்பது ஓடும், ஆனால் எத்தனை நாளுக்கு என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. தபால்கார அம்மாளின் இரண்டாவது கேம் தொடங்குவதற்குள் ஒன்றை முடிவுசெய்தாக வேண்டும். எதிரே மூன்று வழி இருந்தது. பழையதிலேயே முடிந்தவரை ஓட்டுவது ஒன்று. யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு மென்பொருள் இருந்தது. அதை அவர்கள் இலவசம் என்றார்கள். பெரிய நிறுவனங்களெல்லாம் பயன்படுத்தும் இன்னொன்று இருந்தது. அதற்குப் பெரியது என்று பெயர் வைத்தார்கள். கூடத்தில் ஒரு மாதத்துக்கு வேறு பேச்சே இல்லை.

அக்கா வழக்கம்போலப் பட்டியல் போட்டாள். நான்கு பேரும் தங்கள் தங்கள் திரையிலிருந்தே ஒரே நேரத்தில் எழுதக்கூடிய தாள் அது. யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்பது நிறத்தில் தெரியும். அக்கா பச்சை, தம்பி நீலம். பன்னிரண்டு வரிகள் எழுதினாள். உடம்பு செதுக்குவது சுலபமா, எலும்பு பொருத்துவது சுலபமா, துணி மடிப்பு எப்படி, முடி எப்படி, கேமுக்குள் அனுப்பும்போது எதுவும் உடையாமல் போய்ச் சேருகிறதா, கற்றுக்கொள்ளப் பாடங்கள் உண்டா, அது தெரிந்த ஆட்கள் வேலைக்குக் கிடைப்பார்களா, இப்படி. மூன்றையும் ஆளுக்கு ஒரு வாரம் தபால்கார அம்மாளை வைத்து ஓட்டிப் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும் என்றாள்.

"எதாவது விட்டுப்போயிருந்தா நீங்களே கீழ ஒரு வரி சேருங்க. ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள்ள எல்லாரும் மார்க் போட்டிருக்கணும். போடாத வரியை எடுத்துடுவேன். இல்லேன்னா கூட்டல் தப்பா வரும்."

அவளுக்குப் பெரியது முதல் நாளே பிடித்துப்போனது. அதில் தோள் செதுக்குவது வெண்ணெயை வழிப்பதுபோல இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூட அதன் புகழைப் பாடிக்கொண்டிருந்தாள். தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். அவனும் ஒரு வாரம் அதை ஓட்டிப் பார்த்தான். நடையை முடிக்கவில்லை. "எப்படிடா இருக்கு?" என்று கேட்டபோது, "பழகணும்க்கா" என்றான். பழகிக்கொள்வான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அக்கா சிறிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தாளைத் திறந்தாள். பன்னிரண்டு வரிகளும் நிரம்பியிருந்தன. பதின்மூன்றாவதாக அவசரம் ஒரு வரி சேர்த்திருந்தான்: "தொறக்கறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாமா?" அதற்கு யாரும் மதிப்பெண் போடவில்லை. அக்கா சிரித்துவிட்டாள். அதற்குக் கீழே இன்னொரு வரியும் மதிப்பெண் இல்லாமல் கிடந்தது. அதுவும் அவன் வேலைதான் என்று நினைத்து இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தாள். அழிக்கும் விசைக்கு விரல் போகும்போது தொலைபேசி அடித்தது. கணவர்தான். மழை வருகிறமாதிரி இருக்கிறது, குடை எங்கே என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் என்றாள். இல்லை என்றார். துணி அலமாரிக்கு மேலே பாருங்கள் என்றாள். அவர் நாற்காலி போட்டு ஏறிப் பார்த்துக் கண்டுபிடிக்கும்வரை காதில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை வைத்துவிட்டு விசையை அழுத்தினாள். இரண்டு வரிகளும் போயின.

கூட்டிப் பார்த்ததில் பெரியது முதலிடம். பழையது மூன்றாவது. அக்கா கூடத்துக்கு வந்து, கைதட்டி எல்லோரையும் அழைத்து முடிவைச் சொன்னாள். அவசரம் விசிலடித்தான். தம்பி தன் மேசையில் உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினான்.

தம்பியின் மேசையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எட்டு வருடமாக அவன் மேசையில் கீபோர்டு சுவரோரமாகச் சாய்ந்து தூசி படிந்து கிடந்தது. அவன் இடது கையில் மின்பேனாவைப் பிடித்து, கணினியோடு இணைத்த பலகைமேல் வரைவான். பேனாவின் பொத்தானை அழுத்தினால் அதன் முனையிலேயே ஒரு சின்னப் பட்டியல் விரியும். எல்லா வேலையும் அதிலிருந்தே நடக்கும். பழைய மென்பொருளுக்குள் அவனே ஒவ்வொன்றாகச் செய்து சேர்த்த பட்டியல் அது. பெரியதில் அது கிடையாது. பார்க்கும் கோணத்தைத் திருப்ப வேண்டுமா, ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே மறுகையால் இழுக்க வேண்டும். எலும்பைச் சுழற்ற வேண்டுமா, அதற்கும் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் முறை.

கீபோர்டு முன்னால் வந்தது. சில நாள் கழித்து அதில் ஒரு விசையின்மேல் தண்ணீர் பாட்டிலின் மூடி ஒட்டியிருப்பதை அக்கா பார்த்தாள். மணிக்கட்டால் அழுத்துவதற்காக அவன் ஒட்டிக்கொண்டது. "என்னடா இது, கீபோர்டுக்குத் தொப்பி போட்டிருக்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடி போனாள். அவனும் சிரித்தான்.

வாத்தை ஓட வைக்க முன்பெல்லாம் இரண்டு நாள் எடுப்பான். இப்போது பதினோரு நாள் ஆனது. வந்தபோதும் வாத்து ஓடவில்லை, வழுக்கியது. மூன்றாவது மாதம் ஒரு திங்கட்கிழமை, எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது, அக்கா பொறுமை இழந்தாள்.

"உனக்குக் கத்துக்க மனசில்லடா. அவசரம் கத்துக்கிட்டான், வர்ணம் கத்துக்கிட்டா, நான் கத்துக்கிட்டேன். உனக்கு மட்டும் என்ன? நேத்து வரைக்கும் தலைல தூக்கி வச்சு ஆடினேன் பாரு, அதான் தப்பு. உன்னால மொத்த வேலையும் நிக்குது."

தம்பி வலது கையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டான். "சரிக்கா" என்றான்.

இரண்டு வாரத்தில் வேறு வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லி விலகினான். மருந்து பாட்டில்களுக்கு லேபிள் வடிவமைக்கும் இடம். "லேபிளா? நீயா?" என்றாள் அக்கா. "நல்லாத்தான் இருக்கு. எழுத்து ஓடாது, வச்ச எடத்துல நிக்கும்" என்றான். கோபம் இல்லை, குத்தல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அம்மாவைப் பார்க்கப் போனால் கதவைத் திறந்து, "வாக்கா" என்று நாற்காலி இழுத்துப் போடுவான். அவன் தன்னிடம் விருந்தாளியிடம் பேசுவதுபோலப் பேசுகிறான் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. புது இடத்துக்குப் போனவன், தானாகச் சரியாகிவிடும் என்று அதை ஒதுக்கிவைத்தாள்.

ஆள் தேடித் தேடி ஒரு வருடம் போனது. தம்பியின் மேசைக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். பெரியதைக் கரைத்துக் குடித்தவள். வந்த அன்றே, "இந்த கீபோர்டுல ஏதோ மூடி ஒட்டியிருந்துச்சுக்கா, பிச்சுப் போட்டுட்டேன்" என்றாள். நல்ல வேலைக்காரி. தபால்கார அம்மாளின் பழைய நடை, பழைய சேட்டை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துக் குறிப்பெடுத்தாள். நாலாவது நாள் மதியம் அக்காவின் மேசைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். இந்தம்மாவுக்கு வலது கைல என்ன பிரச்சினை?"

"ஒண்ணுமில்லையே. ஏன்?"

"இல்ல, எந்த வேலையையும் வலது கையால செய்யவே மாட்டேங்கறாங்க. கதவை இடுப்பால சாத்தறாங்க. கவரைப் பல்லால கிழிக்கறாங்க. பாட்டில் தொறக்கற ஒரு சீன் இருக்கு, முட்டிக்கு நடுவுல வச்சு இடது கையால தொறக்கறாங்க. நூத்திப் பதினாலு அசைவு பாத்துட்டேன். கதைல அப்படி எதாவது இருந்தா நானும் அதே மாதிரி செய்யணும்ல, அதான்."

அக்கா எழுந்து தம்பியின் பழைய மேசைக்குப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, இடது கையால் மட்டும் பெரியதில் தபால்கார அம்மாளைப் பார்க்கும் கோணத்தைத் திருப்ப முயன்றாள். விசையைப் பிடித்தால் இழுக்கக் கை இல்லை. இழுத்தால் விசையைப் பிடிக்கக் கை இல்லை. மணிக்கட்டால் அழுத்திப் பார்த்தாள். பக்கத்து விசைகளும் சேர்ந்து அழுந்தின. மூடி எதற்கு ஒட்டப்பட்டிருந்தது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அரைமணி நேரம் போராடினாள். புதுப் பெண் பக்கத்தில் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவசரத்தைக் கூப்பிட்டாள். "தம்பி பழையதுல பேனாவுக்கு ஒரு பட்டியல் செஞ்சு வச்சிருந்தானே, அதே மாதிரி இதுல செய்ய முடியுமா?"

"செய்யலாம்க்கா."

"எத்தனை நாளாகும்?"

அவன் வாழ்க்கையில் முதல்முறையாக ஐந்து நிமிடம் என்று சொல்லவில்லை. "ரெண்டு நாள். தாராளமா ரெண்டு நாள்" என்றான். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், "கேட்டிருந்தா அன்னிக்கே செஞ்சிருப்பேனே" என்றான்.

"அவன் கேக்கவே இல்லையேடா" என்றாள் அக்கா. சொல்லும்போதே பழைய பட்டியலைத் தேடித் திறந்துவிட்டாள். தம்பி பெரியதற்கு என்ன மதிப்பெண் போட்டிருந்தான் என்று பார்ப்பதற்காகத்தான் திறந்தாள். அந்தத் தாளில் யார் எதை எப்போது எழுதினார்கள், எதை அழித்தார்கள் என்பதெல்லாம் பின்னால் பதிவாகியிருக்கும். அவள் அந்தப் பக்கத்தை ஒருநாளும் திறந்ததில்லை. இப்போது திறந்து, வெள்ளிக்கிழமைக்குப் போனாள்.

மூன்று நாற்பத்தொன்றுக்கு நீல நிறத்தில், பதினான்காவதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. "ஒரு கையால வேலை செய்ய முடியுமா?" அவ்வளவுதான். மதிப்பெண் போடவில்லை. மூன்று ஐம்பத்தாறுக்கு அந்த வரி அழிக்கப்பட்டிருந்தது. அழித்த நிறம் பச்சை.

இரண்டு வயதிலிருந்து முப்பத்திரண்டு வயதுவரை அவன் கேட்டது அது ஒன்றுதான். அக்கா கூடத்தின் நடுவே, எல்லோரும் பார்க்க, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஆனால் மனித மனம் இருக்கிறதே, அது எங்கேயாவது தனக்கு ஒரு நிழல் தேடிக்கொள்ளும். மறுநாள் காலைக்குள் அக்காவும் தேடிக்கொண்டாள். தம்பி அந்த வரியை நான் படித்துவிட்டுத்தான் அழித்தேன் என்று நினைத்திருக்கிறான். அதனால்தான் விலகினான், அதனால்தான் விருந்தாளிப் பேச்சு. நானோ படிக்கவே இல்லை. படித்திருந்தால் பட்டியலையே கிழித்துப் போட்டிருப்பேன். இதைப் போய்ச் சொன்னால் போதும், அவன் நெஞ்சில் ஒரு வருடமாக இருக்கிற முள் விழுந்துவிடும். இப்படி நினைக்க நினைக்க அவளுக்குக் காலில் வேகம் வந்தது. நல்ல சேதி கொண்டுபோகிறவள்போல, பேருந்துக்குக்கூடக் காத்திருக்காமல் நடந்தே போனாள்.

லேபிள் நிறுவனத்தில் மதிய இடைவேளை. பின்பக்கம் மாடிப்படிக்குக் கீழே இரண்டு பெஞ்சு போட்டிருந்தார்கள். தம்பி சாப்பிட்டு முடித்து, தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும், "என்னக்கா, அம்மாவுக்கு ஏதாவது..." என்று எழுந்தான்.

"அம்மா நல்லா இருக்கா. உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். புதுப் பெண் கேட்டது, தான் ஒற்றைக் கையால் முயன்றது, அவசரம் சொன்ன இரண்டு நாள், பதிவில் பார்த்த வரி. "எல்லார் முன்னாடியும் உன்னைப் பேசினேன் பாரு, என் நாக்கை அறுக்கணும். மன்னிச்சுடுடா" என்றாள். பிறகு, அதற்காகவே வந்ததைச் சொன்னாள்.

"ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. அந்த வரியை நான் படிக்கவே இல்லை. அம்மா மேல சத்தியம். அவசரம் எழுதின ஜோக்குன்னு நெனச்சு ரெண்டையும் சேர்த்து அழிச்சிட்டேன். படிச்சிருந்தா அழிச்சிருப்பேனா?"

தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முள் விழுந்த முகமாக அது இல்லை.

"படிக்கலையா?" என்றான்.

"இல்லடா."

"நான் என் திரைல பாத்துட்டே இருந்தேன்க்கா. உன் பச்சைக் கட்டம் என் வரி மேல வந்துச்சு. வந்து, அங்கேயே நின்னுச்சு. நாலு நிமிஷம் நின்னுச்சு. நான் கடிகாரத்தைப் பாத்தேன்." அவன் குரல் மெதுவாகவே இருந்தது. "அக்கா யோசிக்கிறான்னு நெனச்சேன். நாலு பேரோட பொழப்பு ஒரு பக்கம், என் கை ஒரு பக்கம். எனக்கே அது கஷ்டமான கணக்குதான். நீ கஷ்டப்பட்டு முடிவெடுத்து அழிச்சேன்னு நெனச்சேன். உன்னை நெனச்சுப் பாவமாக்கூட இருந்துச்சு. அதான் நான் ஒண்ணும் கேக்கல. அப்பவே மன்னிச்சிட்டேன்."

அக்கா தோள்பையைப் பெஞ்சின்மேல் இறக்கி வைத்தாள்.

"அப்ப அந்த நாலு நிமிஷம்?" என்று கேட்டான்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவும் நினைத்தாள். முப்பது வருடமாக அவன் எதையும் கேட்டதில்லை; கேட்டதற்குப் பொய் சொல்ல வரவில்லை.

"போன் வந்துச்சு. வீட்லேருந்து. குடை எங்கேன்னு கேட்டாரு."

"குடையா?"

"ம்."

தம்பி தலையை ஆட்டினான். அன்று முடிவைச் சொன்னபோது ஆட்டியதுபோலவே ஆட்டினான்.

"படிச்சிட்டு அழிச்சிருந்தா பரவால்லக்கா" என்றான். "அதோட வாழப் பழகிட்டேன்."

"திரும்ப வந்துடுடா. ரெண்டே நாள்ல அவசரம் எல்லாம் செஞ்சு குடுத்துடறேன்னான். உன் மேசை..."

"இப்ப வேணாம்க்கா. இதை நான் மறுபடியும் முதல்லேருந்து யோசிக்கணும்."

உள்ளே மணி அடித்தது. பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் டப்பாக்களை மூடிக்கொண்டு எழுந்தார்கள். தம்பி தண்ணீர் பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே வைத்து, இடது கையால் மூடியைத் திருகினான். புதுப் பாட்டில், திறக்கவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் திருகினான். விரல் வழுக்கியது. அக்கா அவனுக்கு எதிரே ஒரு முழம் தள்ளி நின்றாள். அவளுடைய இரண்டு கைகளும் சும்மாதான் இருந்தன. அவன் நிமிர்ந்து பார்ப்பான், ஒரு வார்த்தை சொல்லாவிட்டாலும் பாட்டிலை இப்படி நீட்டுவான் என்று காத்திருந்தாள்.

அவன் நிமிரவில்லை. மூடி திறக்காத பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"பாத்துப் போக்கா. மழை வரும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.